யாருக்கு எந்தப் பயிற்சி? வாங்குகிறவரிடம் கேளுங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில், களியக்காவிளை எல்லையை ஒட்டிய ஒரு வட்டாரத்தில் சமுதாய சுகாதார செவிலியராக இருக்கிறேன். அடுத்த ஆண்டுக்கான பயிற்சித் தேவைப் பட்டியலை எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் அனுப்பி, ‘உங்களுக்கு என்ன பயிற்சி வேண்டும்?’ என்று எல்லாரிடமும் கேட்டோம். பாதிப் பேர் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதியிருக்கிறார்கள். சிலர் ‘மன அழுத்தம்’ என்கிறார்கள். டாக்டர்களின் பட்டியலுக்கும் சுகாதார ஆய்வாளர்களின் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் யாரும் பதில் தரவில்லை. எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்க ஆண்டுக்கு நாலு நாள்தான் கிடைக்கும். இத்தனை பிரிவுக்கும் பொதுவான தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

‘என்ன பயிற்சி வேண்டும்’ என்று கேட்டால் கடைசியாக எரிச்சலூட்டிய விஷயத்தின் பெயர்தான் பதிலாக வரும். ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதியவர்களில் பலருக்கு கணினி தெரியாமல் இல்லை. ஒரே தகவலை மூன்று இடத்தில் ஏற்றச் சொல்கிறார்கள், சர்வர் தொங்குகிறது, மாதக் கடைசியில் இரவு வரை உட்கார வேண்டியிருக்கிறது. அவர்கள் சொல்ல வந்தது அது. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று மேலதிகாரி பார்க்கும் படிவத்தில் எழுதித் தருவதற்கும் யாரும் முன்வர மாட்டார்கள். தினக்கூலிக்கு வருகிறவர் நிச்சயம் எழுத மாட்டார். ஆகவே அந்தப் படிவத்தை எடுத்து வைத்துவிட்டு வேறு வழியில் போங்கள்.

பிரிவு பிரிவாகத் தேடினால் பிரிவுக்கு ஒரு பட்டியல்தான் கிடைக்கும். பல கைகள் மாறிப் போகும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, எந்தக் கையில் நழுவுகிறது என்று பாருங்கள். உங்கள் பகுதிக்குப் பொருத்தமானது காய்ச்சல். 2021 ஜூலையில் கேரளத்தில் முதன்முதலாக, கொசு பரப்பும் ஜிகா வைரஸ் உறுதியானது பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு. களியக்காவிளையிலிருந்து பாறசாலை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு காய்ச்சல் வந்தால் கிராம சுகாதார செவிலியர், டாக்டர், லேப் டெக்னீஷியன், டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், சுகாதார ஆய்வாளர், கொசு ஒழிப்புப் பணியாளர், பேரூராட்சி என்று ஏழு கைகளையாவது அது தாண்டும்.

கடந்த ஆண்டின் பதிவுகளிலிருந்து 30 காய்ச்சல் நோயாளிகளை எடுங்கள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்காமல் பதிவேட்டில் பத்துக்கு ஒன்று என்று எடுத்தால் போதும். ஒவ்வொருவருக்கும் ஓ.பி. சீட்டு, ஆய்வகக் கோரிக்கைச் சீட்டு, ஐ.எச்.ஐ.பி. (அரசின் இணையவழி நோய்க் கண்காணிப்புத் தளம்) பதிவு, கள ஆய்வுக் குறிப்பு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்றே மூன்று விஷயங்களை ஒத்துப் பாருங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, இப்போது தங்கியிருக்கும் வீட்டின் முகவரி, கடந்த இரண்டு வாரத்தில் போய்வந்த இடம். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்றரை நாளில் முடியும்.

நழுவல் பெரும்பாலும் தேதியில்தான் இருக்கும். ‘காய்ச்சல் தொடங்கிய நாள்’ என்ற கட்டத்தில் ஓ.பி.க்கு வந்த தேதி ஏறியிருக்கும். ஓ.பி. சீட்டில் அந்த ஒரு தேதிதான் இருக்கிறது. சீட்டைப் பார்த்து எழுதுகிறவர் அதைத்தான் எழுதுவார். விளைவு என்ன? திங்கட்கிழமை ஓ.பி.யில் கூட்டம் அதிகம் என்பதால், எந்தத் தேதியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் தொடங்கியது என்று நீங்கள் போடும் வரைபடத்தில் ஊரே திங்கட்கிழமை காய்ச்சலில் விழுந்ததுபோலத் தெரியும். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை பார்க்க வேண்டும், அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். தொடங்கிய நாள் தவறென்றால் தவறான பரிசோதனை நடக்கும், ‘இல்லை’ என்று முடிவு வரும், எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். சுகாதார ஆய்வாளர் கொசு உற்பத்தியிடத்தைத் தேடுவதும் பிசகும். கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் டெங்கு காய்ச்சல் தொடங்குகிறது. தொடங்கிய தேதியிலிருந்து பின்னால் எண்ணினால்தான் அந்த ஆள் அப்போது எந்த வீட்டில் இருந்தார் என்று தெரியும். டாக்டர், செவிலியர், ஆய்வகம், ஆபரேட்டர், ஆய்வாளர் ஐந்து பேரையும் பாதிக்கும் ஒரே கட்டம் இது. ஆனால் ஐந்து பேரில் ஒருவர்கூட ‘தேதி எழுதப் பயிற்சி வேண்டும்’ என்று உங்கள் படிவத்தில் எழுதியிருக்க மாட்டார்.

அடுத்தது மதிப்பெண் போடுவது. பயிற்சித் தேவைக்கு உலகெங்கும் பயன்படுத்தும் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஹென்னஸி–ஹிக்ஸ் என்று ஒன்று: 30 வேலைகளின் பெயர் இருக்கும், ஒவ்வொன்றும் என் பணிக்கு எவ்வளவு முக்கியம், நான் எவ்வளவு நன்றாகச் செய்கிறேன் என்று 1 முதல் 7 வரை போட வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தேவை. நல்ல கருவிதான். ஆனால் அதை அப்படியே தமிழாக்கி எல்லார் கையிலும் கொடுப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரையை மதிப்பிடுவது போன்ற கேள்விகளை வைத்துக்கொண்டு கொசு ஒழிப்புப் பணியாளர் என்ன செய்வார்? உங்கள் வட்டாரத்தின் வேலைகளிலிருந்தே 18 அல்லது 20 வரிகளை எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக இருக்கட்டும். ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று எழுதினால் எல்லாரும் ஐந்துக்கு நாலு போட்டுக்கொள்வார்கள். ‘தடுப்பூசி வேண்டாம் என்று கதவைச் சாத்தும் வீட்டில் முதல் இரண்டு நிமிடம் என்ன பேசுவது’ என்று எழுதினால் யோசித்துப் போடுவார்கள். அளவுகோல் 1 முதல் 5 வரை போதும்.

கணக்கு எளிது. முக்கியத்துவத்திலிருந்து திறனைக் கழியுங்கள். வந்ததை முக்கியத்துவத்தின் சராசரியால் பெருக்குங்கள். முக்கியத்துவம் 4.5, திறன் 3 என்றால் இடைவெளி 1.5, பெருக்கினால் 6.75. முக்கியத்துவம் 2.5, திறன் 1 என்றாலும் இடைவெளி அதே 1.5தான், ஆனால் பெருக்கினால் 3.75. முக்கியமில்லாத வேலையில் தெரியாமை பெரிதாக இருப்பதும் முக்கியமான வேலையில் தெரியாமை இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பெருக்கல் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. முதலாவது, எல்லாருடைய மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுப்பது. கிராம சுகாதார செவிலியர்கள் முப்பது பேர், லேப் டெக்னீஷியன் மூன்று பேர் என்றால் அந்தச் சராசரி செவிலியர்களுடைய சராசரிதான். பிரிவு வாரியாகத் தனித்தனியே வரிசைப்படுத்துங்கள். குறைந்தது மூன்று பிரிவுகளின் முதல் ஐந்து இடங்களுக்குள் வருவதைப் பொதுத் தேவை என்று எடுங்கள். வட்டாரத்தில் ஒரே ஒரு மருந்தாளுநர்தான் என்றால் பெயர் எழுதாவிட்டாலும் அது யார் தாள் என்று எல்லாருக்கும் தெரியும். மருந்தகத்தையும் ஆய்வகத்தையும் ஒரே குழுவாக வைத்துவிடுங்கள்.

இரண்டாவது பள்ளம்தான் ஆழமானது: தன் மதிப்பெண்ணைத் தானே போடுவது. ‘காய்ச்சல் தொடங்கிய தேதியைக் கேட்டு எழுதுவது’ என்ற வரிக்கு எல்லாருமே ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். முப்பது சீட்டை ஒத்துப் பார்த்தால் பத்தில்தான் சரியாக இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. தன் கையை விட்டுப் போன சீட்டு அடுத்த மேசையில் என்ன பாடு படுத்துகிறது என்பது எழுதினவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு வரிக்கும் இன்னொரு மதிப்பெண்ணையும் வாங்குங்கள், அந்த வேலையின் பலனை வாங்கிக்கொள்கிறவரிடமிருந்து. கோரிக்கைச் சீட்டுக்கு லேப் டெக்னீஷியன் மதிப்பெண் போடட்டும். டாக்டர் எழுதும் பரிந்துரைக் குறிப்புக்கு, அதை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியர் போடட்டும். செவிலியர் தரும் முகவரிக்குச் சுகாதார ஆய்வாளர், ஆய்வாளர் தரும் வீட்டுப் பட்டியலுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர். ஆய்வக முடிவு எத்தனை நாளில், எந்த வடிவில் வருகிறது என்பதற்கு டாக்டர். தான் போட்டதும் வாங்கினவர் போட்டதும் எங்கே அதிகம் விலகுகிறதோ அங்கே உங்கள் கூட்டுப் பயிற்சி இருக்கிறது. பிரிவின் பெயர் மட்டும் இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். டாக்டருக்கும் மதிப்பெண் விழும் என்பதை வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு சொன்னால் மனஸ்தாபம்.

வேறு வேறு பெயரில் ஒளிந்திருக்கும் ஒரே தேவையையும் தேட வேண்டும். செவிலியர் பட்டியலில் ‘தொற்றுத் தடுப்பு’ என்று இருக்கும். ஆய்வாளர் பட்டியலில் ‘குடிநீர் குளோரினேஷன்’. கொசு ஒழிப்பில் ‘மருந்து கலக்கும் அளவு’. மூன்றையும் அடியில் போய்ப் பார்த்தால் ஒரே கணக்கு: நீர்த்தல், அதாவது எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு தண்ணீர். ரத்தம் சிந்திய இடத்துக்கு 1 சதவீதக் குளோரின் கரைசல் வேண்டும், கையில் இருப்பது 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால், 1-ஐ 33-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்க, லிட்டருக்கு 30 கிராம். கொசுப் புழுவைக் கொல்லும் டெமிபாஸ் 50 சதவீதத் திரவத்தில் லிட்டருக்கு 500 கிராம் மருந்து இருக்கிறது. 1000 லிட்டர் தொட்டியில் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வர 2 மில்லி. கிணற்றுக்கு முதலில் தண்ணீரின் அளவு: 3.14 × விட்டம் × விட்டம் × நீரின் உயரம் ÷ 4. விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் ஏறக்குறைய 24 கிராம் பவுடர்.

வீட்டுக்கு ஒரு கிணறு இருக்கும் ஊரில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் வகுப்பறையில் போர்டில் போட்டுக் காட்டாதீர்கள். வாளி, தராசு, தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்போடு ஒரு உண்மையான கிணற்றடிக்குக் கூட்டிப்போங்கள். பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் சேர்த்துக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். அடி மண்டியையும் சேர்த்துக் கவிழ்த்தால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை என்றால், பெரும்பாலும் வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் பவுடரின் வீரியம் போயிருக்கும். 33 சதவீதம் என்று மூட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பித்தான் மேலே சொன்ன எல்லாக் கணக்கும். இதை மருந்தகத்தில் சரக்கு வைக்கிறவரும் அந்த இடத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.

பயிற்சியே தேவையில்லாதவற்றைக் கழித்துவிடுவதும் இதே அளவு முக்கியம். ஒரு வேலை நடக்கவில்லை என்றால் கேளுங்கள்: உயிரே போகும் என்ற நிலையில் இவரால் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் தெரியாமை காரணமில்லை. நாய்க்கடியை எடுங்கள். சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில் என்பது உங்கள் செவிலியர்களுக்கு மனப்பாடம். ஆனால் ஊசி அறைப் பக்கம் குழாயே இல்லை, சோப்பு இல்லை, ஆழமான கடிக்குத் தடுப்பூசியோடு சேர்த்துப் போடும் இம்யூனோகுளோபுலின் இருப்பில் இல்லை என்றால் ‘ரேபீஸ் பயிற்சி’ நடத்தி ஒரு நாளை வீணாக்காதீர்கள். அது பிளம்பருக்கும் மருந்துக் கிடங்குக்கும் போக வேண்டிய கடிதம்.

இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. அதிகக் காய்ச்சலைப் பதிவு செய்த துணை சுகாதார நிலையத்துக்கு மாதக் கூட்டத்தில் திட்டு விழுகிறது என்றால், அடுத்த மாதம் காய்ச்சல் குறைந்துவிடும். எத்தனை நோய்க் கண்காணிப்பு வகுப்பு எடுத்தாலும் அந்த எண்ணிக்கை ஏறாது. பட்டியலில் இதைத் தனியாகக் குறித்து, யார் மாற்ற முடியுமோ அவரிடம் வாயால் சொல்லுங்கள்.

மலையாளத்தையும் பயிற்சி தேவைப்படாதவற்றில்தான் சேர்ப்பேன். உங்கள் பக்கம் பேசத் தெரியாதவர் குறைவு, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவரும் குறைவு. அக்கரையில், அதாவது எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், தாய் வீட்டில் பிரசவமாகித் திரும்பும் பெண் கையில் மலையாளத்தில் அச்சிட்ட அட்டை இருக்கிறது. இதற்கு மொழி வகுப்பு வேண்டாம். எண்களும் தேதிகளும் நம் அட்டையில் இருப்பது போலத்தான். கட்டங்களின் தலைப்புகள், தடுப்பூசிப் பெயர்கள் என்று முப்பது நாற்பது சொற்களை மலையாள எழுத்தும் தமிழும் பக்கம் பக்கமாக ஒரே தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் மாட்டினால் காரியம் முடிந்தது.

இவ்வளவும் சேர்ந்த பிறகு, கலந்த குழுவாக ஒரு கூட்டம் போடுங்கள். எட்டிலிருந்து பத்துப் பேர், பிரிவுக்கு ஒருவரோ இருவரோ. முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒத்துப் பார்த்த சீட்டுகளின் முடிவைச் சுவரில் ஒட்டிவிட்டு, ‘இதில் எது எல்லாரும் சேர்ந்து கற்க வேண்டியது’ என்று ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். பிறகு ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒன்று என்று வாசிக்க வேண்டும், விவாதம் அப்புறம். கொசு ஒழிப்புப் பணியாளரிலிருந்து தொடங்குங்கள், டாக்டர் கடைசி. டாக்டர் முதலில் வாய் திறந்தால் மிச்சம் ஒன்பது பேரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். கடைசியில் ஆளுக்கு ஐந்து தேர்வு, முதலாவதுக்கு 5, ஐந்தாவதுக்கு 1. தினக்கூலிப் பணியாளருக்கு அன்று வருகைப் பதிவு உண்டா என்பதை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள். படிவத்துக்கு அவர்கள் பதில் தராததற்கு, ஸ்மார்ட்போனில் படிவம் நிரப்பும் நேரத்துக்கு யாரும் கூலி தரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொதுத் தேவை என்று முடிவானாலும் எல்லாருக்கும் ஒரே ஆழம் வேண்டியதில்லை. தேதி விஷயத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளருக்கு ‘முதன்முதலாக உடம்பு சுட்டது என்றைக்கு? கோயிலுக்கோ பள்ளிக்கோ சந்தைக்கோ போன நாளோடு சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஆபரேட்டர் கட்டம் காலியாக இருந்தால் தானே நிரப்பாமல் திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டரும் ஆய்வாளரும் வரைபடம் போட்டு வாசிக்க வேண்டும். பட்டியலில் தலைப்புக்கு எதிரே இந்த மூன்று ஆழத்தையும் குறித்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் வருகிற பயிற்றுநர் எல்லாருக்கும் ஒரே எண்பது ஸ்லைடைப் போடுவார்.

உங்கள் நாலு நாளைப் பற்றி. உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனுக்கு முன் இரண்டு நாள், செப்டம்பரில் ஒரு நாள். நாலாவது நாளை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிபா மாதிரி ஏதாவது அக்கரையில் தலைகாட்டினால் அன்று தேவைப்படும். முதல் நாள் தேதியும் முகவரியும், அவரவர் நிலையத்துச் சீட்டுகளையே வைத்து. இரண்டாம் நாள் காலை கிணற்றடி, மதியம் ரப்பர் தோட்டம்: பால் வடிக்காத மழை நாட்களில் சிரட்டையில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருப்பதை டாக்டர் தன் கண்ணால் பார்ப்பது நல்லது. சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்ல வேண்டியது யார், தோட்டக்காரர் கேட்காவிட்டால் நோட்டீஸ் யார் தருவது என்ற பேச்சு அங்கே தானாக வந்துவிடும்.

செப்டம்பர் நாளில் மேசைப் பயிற்சி: ஒரு கற்பனை நோயாளியை வைத்து, யார் என்ன செய்வார் என்று உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த பெண், ஐந்தாம் மாதம். பாறசாலை பக்கம் தாய் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவளுக்கு வியாழக்கிழமை காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, திங்கட்கிழமை ஓ.பி.க்கு வருகிறாள். தகவலைத் துண்டு துண்டாக உறையில் போட்டு, இருபது நிமிடத்துக்கு ஒன்று என்று திறங்கள். ஒவ்வொரு உறைக்கும் மூன்றே கேள்வி: இப்போது யாருக்குத் தெரியும், அவர் யாரிடம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வார்? ‘ரத்தத்தோடு சிறுநீரும் எடுக்கணும்’ என்று யார் சொல்கிறார், தாய் வீட்டைச் சுற்றி யார் பார்ப்பது என்ற இடங்களில் அறை அமைதியாகிவிடும். அந்த இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று அக்கரையிலிருந்து ஒரு ஜூனியர் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஓர் ஆஷா பணியாளரும் வந்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். கேரளத்தில் வீடு வீடாகப் போகிறவர் ஆஷா, நம் பக்கம் கிராம சுகாதார செவிலியர். யார் யாரை அழைக்க வேண்டும் என்பதே இரு பக்கமும் பலருக்குத் தெரியாது. இது வட்டார அளவில் போன் செய்து முடிகிற காரியமில்லை. மாவட்ட சுகாதார அலுவலர் வழியாக அங்குள்ள மாவட்ட மருத்துவ அலுவலருக்குக் கடிதம் போக வேண்டும். ஜூன் மாதமே அனுப்பிவிடுங்கள்.

பலன் பார்ப்பதற்கு பயிற்சி முடிந்த மாலையில் வினாத்தாள் கொடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் எல்லாம் நினைவிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பத்துக்கு ஒன்றாக 30 சீட்டை எடுத்து, அதே மூன்று கட்டங்களை ஒத்துப் பாருங்கள். தொடங்கிய தேதி பத்திலிருந்து இருபதுக்கு ஏறியிருந்தால் நல்லது. ஏறவில்லை என்றால், மறுபடி வகுப்பு எடுப்பதற்கு முன், ஓ.பி. சீட்டில் அந்தத் தேதிக்கு ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து பதிவு மேசையில் வையுங்கள்.